பழுப்பு டேப்புக்கு அடியில் ஒரு பொத்தான்

தையல் ஆலைக்கு ஆறு வேன்கள். மூன்றாவதை ஓட்டும் பெண்ணுக்கு வயது நாற்பத்தாறு. அதில் வந்துபோகும் தையல்காரிகள் அவரை 'ஸ்டியரிங் அக்கா' என்பார்கள். பதினோரு வருடமாக வண்டியில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர், செவ்வாய்க்கிழமை காலை மழையில், ஆலை வாசலில் திரும்பும்போது பக்கவாட்டுக் கண்ணாடியை விளக்குக் கம்பத்தில் இடித்து நொறுக்கிவிட்டார். ஒரு முழம் தள்ளிப் போயிருந்தால், சைக்கிளில் வந்த மனிதர் சக்கரத்துக்கு அடியில் கிடந்திருப்பார்.

வண்டிகளுக்குப் பொறுப்பான மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார்.

"வயசாகுதும்மா, கண்ணு மங்கத்தான் செய்யும். நாளைக்குக் காலை ஷிப்டை எறக்கிவிட்டதும் சாவியைக் குடுத்துடுங்க. பேக்கிங்ல உக்காந்து செய்யற வேலையா போட்டுத் தர்றேன்."

"என் கண்ணுக்கு ஒண்ணுமில்ல சார். வண்டிக் கண்ணாடிதான் உள்பக்கம் வேர்த்துப் போச்சு."

"துணியை வச்சுத் துடைக்கறதுக்கென்ன?"

"ஒரு கையில துணி, ஒரு கையில கியர். ஸ்டியரிங்கை நீங்க வந்து புடிச்சுக்கறீங்களா?"

மேனேஜர் சிரிக்கவில்லை. மழை நாளிலும் அவர் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வேன்களில் மட்டும் அது கூடாது. டீசல் மிச்சமாகும் என்று இரண்டு வருடம் முன்பு மேலிடம் உத்தரவு போட, ஆறு வண்டிகளிலும் ஏசிப் பொத்தானின் மேல் பழுப்பு டேப்பை ஒட்டி, குறுக்கே கையெழுத்தும் போட்டுவைத்தவர் அவர்தான். தூசி வரக்கூடாதென்று வெளிக்காற்று வரும் வழியையும் அடைக்கச் சொல்லியிருந்தார். நனைந்த உடையோடு பதினான்கு பேர் அந்த மூடிய பெட்டிக்குள் மூச்சு விடுவார்களே என்று மேலிடத்தில் ஒருவரும் யோசிக்கவில்லை. யோசிக்க அவசியமும் இல்லை. அவர்கள் வந்துபோகிற கார்களில் கண்ணாடி எப்போதும் பளிச்சென்றுதான் இருந்தது.

ஓட்டுநர்கள் செய்தித்தாளால் துடைத்தார்கள், சோப்பைத் தேய்த்தார்கள். முதல் வண்டிக்காரருக்கு மீசை என்று பெயர். அவர் கண்டுபிடித்த காரணம் வேறு.

"உங்க வண்டிக்குக் கண்ணு பட்டிருக்குக்கா."

"ஆறு வண்டியிலயும்தான் கண்ணாடி மறைக்குது. அந்தக் கண்ணு ஷிப்டு போட்டா வேலை பாக்குது?"

அன்று மாலை அக்கா டாஷ்போர்டுக்குள் கையை விட்டு, வண்டி வாங்கிய நாளிலிருந்து யாரும் உறை பிரிக்காத கையேட்டை எடுத்தார். எழுத்துக்கூட்டியாவது முடிப்பதென்று உட்கார்ந்து, கண்ணாடி வேர்ப்பதைப் பற்றிய பகுதியை மூன்று தடவை படித்தார். மூச்சிலும் ஈரத்துணியிலும் இருக்கிற நீர் குளிர்ந்த கண்ணாடியில் படிகிறது. ஏசி காற்றைக் குளிர வைப்பதோடு அதிலுள்ள ஈரத்தையும் பிழிந்துவிடுகிறது. அவ்வளவுதான் சங்கதி. இதில் வயது எங்கே வந்தது?

மறுநாளும் மழை. ஜன்னலை இறக்கிவிட்டு, வலது தோள் நனைய நனைய, ஆமை வேகத்தில் ஓட்டிவந்தார். ஆலை முற்றத்தில் நிறுத்தியதும் பின்னால் திரும்பி, "யாரும் எறங்காதீங்கடி" என்று சொல்லிவிட்டு மேனேஜரை அழைத்துவந்தார்.

"சாவி தர்றேன் சார். அதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் முன்சீட்டுல உக்காருங்க."

வேண்டாவெறுப்பாக ஏறினார். அக்கா ஜன்னலை ஏற்றினார்.

"இப்ப எல்லாரும் பேசுங்கடி."

"சொல்லிட்டீங்கல்ல? இனி நிறுத்தச் சொல்லக்கூடாது!" என்றது பின்சீட்டு.

நாலாவது நிமிடத்தில் முன்கண்ணாடி பால் ஊற்றினாற்போல் வெளுத்தது.

"எதுக்கால என்ன நிக்குது, சொல்லுங்க சார்."

மேனேஜர் கண்ணை இடுக்கினார். "லாரி... லாரிதானே?"

"உங்க கார்."

வேன் குலுங்கச் சிரித்தது. அக்கா டேப்பின் முனையை நகத்தால் கிளப்பினார்.

"ஏம்மா, அதுல என் கையெழுத்து இருக்கு!"

"ஆமா சார், அதைத்தான் பிரிக்கறேன்."

பொத்தானை அழுத்தி, காற்றை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பி, வெளிக்காற்று வழியைத் திறந்துவிட்டார். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஒரு கீற்று தெளிந்தது. அது மெல்ல மேலே ஏற, மேனேஜரின் கார் நம்பர் பலகையோடு எதிரே வந்து நின்றது.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "சரி, வண்டி உங்ககிட்டயே இருக்கட்டும். மழைன்னா போட்டுக்குங்க. மத்த டிரைவருங்ககிட்ட சொல்லிக்கிட்டுத் திரிய வேணாம்."

வேலை கைக்குத் திரும்பிவிட்டது. தலையாட்டிவிட்டு இறங்கியிருக்கலாம். அக்கா எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டார்.

"மத்த அஞ்சு வண்டியில வர்றவங்க மூச்சு விடறதில்லையா சார்?"

"அதுக்கு மேல கேக்கணும்மா."

"கேளுங்க. அதுவரைக்கும் இந்த வண்டி நகராது."

"நாங்களும் எறங்கல" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. ஷிப்டு மணி அடித்தது. உள்ளே பதினான்கு தையல் மெஷின்கள் ஆளில்லாமல் நின்றன. கண்ணாடி மறுபடி வெளுக்கத் தொடங்கியது. மேனேஜர் போனைக் காதில் வைத்தார்; "ஆமா சார்", "இல்ல சார்", "பதினாலு பேர் சார்" என்று கொஞ்ச நேரம் ஓடியது.

பிறகு குடையை விரித்து இறங்கி, முற்றத்தில் வரிசையாக நின்றவற்றில் நேராக முதல் வண்டிக்குள் போனார். டேப்பை நன்றாகத்தான் ஒட்டியிருந்தார். சுரண்டச் சுரண்ட வரவில்லை. மீசை பக்கத்தில் கைகட்டி நின்று வேடிக்கை பார்த்தார்.

"வெளிக்காத்து வழியையும் தொறந்து வச்சுடுங்க சார்!" அக்கா ஜன்னல் வழியாகக் குரல் கொடுத்தார்.

ஆறாவது வண்டியிலிருந்தும் டேப்பு கசங்கி வெளியே விழுந்த பிறகுதான், அக்கா தன் வேனின் கதவைத் திறந்து பெண்களை இறக்கிவிட்டார்.