படைமுகாமில் ஒரு பாண் கூடை

அந்தப் படம் சின்யோரேயின் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. சிசிலியில், பலேர்மோ நகரின் சீசா பகுதியில், 'ஐயா' என்பதுபோல் சின்யோரே என்று நான் கூப்பிட்ட அந்தக் கிழவரைப் பராமரிக்கப் போன புதிதில், கூட்டும்போது தும்புத்தடியில் தட்டுப்பட்டது. மலைச்சரிவில் வரிசையாகக் கூடாரங்கள். முன்னால் பாண் கூடையோடு ஒரு மீசைக்காரர்.

"அகதி முகாமோ, சின்யோரே?" என்று கேட்டேன். வன்னியிலிருந்து வந்தவனுக்குக் கூடாரம் என்றால் அதுதான்.

"இல்லை மகனே. அமெரிக்கா. தங்கச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்ய, அதை உடைக்க வந்த படை. கூடை வைச்சிருக்கிறவர் என்ர அப்பப்பா, பேக்கரிக்காரர்."

சுரங்கத்தில் சிசிலிக்காரரும் இருந்தார்களாம். அவர்களை அடக்க வந்தவர்களுக்குப் பாண் விற்றவர் என்ற பெயரோடுதான் அப்பப்பா பலேர்மோ திரும்பினார். சின்யோரேயின் தகப்பன் படத்தைச் சுவரில் மாட்ட விடவில்லை. சின்யோரேக்கு எரிக்கவும் மனமில்லை. "துரோகியோ இல்லையோ எண்டு தெரியாமல் சாகமாட்டன்" என்பார்.

எனக்கும் அறிய ஆவல். என் அக்காவும் காவலரணில் ஆமிக்கு இடியப்பம் விற்றவள். அதை அவருக்குச் சொல்லவில்லை. சும்மா இருக்கும் நேரம் படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்ப்பேன். அந்த மனிதர் சிரிக்கிறாரா, பயப்படுகிறாரா? மீசை மறைத்தது.

ஒருநாள் பாணைக் கவிழ்த்து மேசையில் வைத்துவிட்டேன். சின்யோரே கத்தினார்.

"நிமிர்த்து! அது ஆக்களைத் தூக்கில போடுறவனுக்கு வைக்கிற பாண். அந்தக் காலத்துப் பேக்கரிக்காரர் அவனுக்கு அப்பிடித்தான் ஒதுக்கி வைப்பினம். வீட்டில கூடாது."

நிமிர்த்தினேன். கையைத் துடைத்துவிட்டுப் படத்தை எடுத்து வந்தேன்.

"கூடையைப் பாருங்கோ."

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். கூடையில் தெரிந்த பாண் எல்லாம் தட்டையான அடிப்பக்கம் மேலே. ஒவ்வொன்றாக விரலால் தொட்டார். பிறகு இருமல் வரும்வரை சிரித்தார்.

"கிழட்டுக் கள்ளன்! தூக்கில போடுறவங்கள் எண்டு அவங்கட முகத்துக்கு முன்னாலயே!"

"அவசரத்தில அடுக்கியிருப்பார்" என்றேன்.

"எங்கட பேக்கரிக்காரன் எந்த அவசரத்திலயும் அப்பிடி அடுக்கான். வாயை மூடிக்கொண்டு ஆணியைக் கொண்டு வா."

சாகும்வரை படம் அவர் கட்டிலுக்கு நேரே தொங்கியது.

இப்போது அது என் குசினியில் தொங்குகிறது. அவருடைய மகள் தந்தார். பாண் வெட்டும்போது நிமிர்ந்து பார்ப்பேன். அந்த மீசைக்காரர் வேண்டுமென்றுதான் கவிழ்த்தாரா? எனக்கு இன்னும் தெரியாது.

அக்காவைப் பற்றி ஊர் இன்றும் கதைக்கிறது. அவளும் வாய் திறப்பதில்லை. அவளுக்குப் படமும் இல்லை. இருந்தாலும் என்ன, இடியப்பத்தை எப்படிக் கவிழ்த்தாலும் ஒன்றுதான்.