பதித்த முனையில் பூஜ்யம்

2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை. ஐந்தரைக்கு எழுந்தேன். சாரலில் கொடித்துணி காயவில்லை. எட்டு மணிக்குக் குத்துக்கல்வலசையிலிருந்து ஸ்கூட்டரில் கல்லூரி. காலையில் இரண்டு வகுப்பு எடுத்தேன். மதியம் தயிர்சாதம், நார்த்தங்காய். பிறகு துறை அறையில் கணினி முன் உட்கார்ந்தேன்.

பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வுக்குக் கிடைத்த கடைசி நீட்டிப்பு அந்த மாதத்தோடு முடிந்தது. ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் பதிவு ரத்து. என் வயதில் இன்னொரு பதிவு கிடையாது.

கட்டடத்தின் பீமைச் சிறு துண்டுகளாகப் பிரித்துக் கணினியில் கணக்கிடுவார்கள். வளையும்போதும் துண்டின் வெட்டுமுகம் தட்டையாகவே இருக்கும் என்பது பழைய கணக்கு. தடித்த பீமில் அது நெளியும். அந்த நெளிவுக்கும் இடம்கொடுக்கும் உயர்வரிசைத் துண்டு ஒன்றை நான் உருவாக்கியிருந்தேன். இரு முனையும் தாங்கிமேல் சும்மா உட்கார்ந்த பீம்களுக்கு விடை அழகாக வந்தது. ஒரு முனையைச் சுவரில் பதித்து மறுமுனையில் பாரம் தொங்கவிட்டால் மட்டும் வரவில்லை. சுவரோரத்தில் அந்தப் பாரம் முழுவதும் வெட்டுவிசையாக, அதாவது பீமைக் குறுக்கே அறுக்கப் பார்க்கும் விசையாக, தெரிய வேண்டும். கணினி பூஜ்யம் என்றது.

நிரலில்தான் பிழை என்று வாரக்கணக்கில் தேடியிருந்தேன். அன்று நிரலை மூடிவிட்டுத் தாளில் போட்டுப் பார்த்தேன். தாளிலும் பூஜ்யம். முனையை அசையாமல் பிடிக்க நான் வைத்த இரண்டு நிபந்தனைகளே அந்த இடத்தில் விசையை அழித்துவிடுகின்றன. ஒன்றைத் தளர்த்தினால் விசை வருகிறது, ஆனால் பீம் சுவருக்குள்ளேயே நெளிகிறது. திருத்துவதற்குப் பிழை என்று எதுவுமே இல்லை; நான் உருவாக்கிய துண்டின் இயல்பே அது.

சர்வே பாடம் எடுக்கும் நண்பர் குளியல் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“அண்ணாச்சி, பழைய குற்றாலத்துல தண்ணி நல்லா விழுதாம். வாரும்.”

“பாரம் எங்க போச்சுன்னு தேடுதேன்.”

“யாரு சுமக்கான்னு காட்டுது?”

“எவனும் இல்ல.”

“நம்ம துறை மாதிரியே இருக்கே வே!” சிரித்தபடி போய்விட்டார்.

மதுரையில் இருக்கும் என் நெறியாளரைப் போனில் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் உடனே வழி சொன்னார்.

“அந்த உதாரணத்த எடுத்துருங்க சார். சும்மா உட்கார்ந்த பீம் மட்டும் போதும்.”

“அது இருந்தா?”

“தேர்வாளருங்க திருப்பி அனுப்பிருவாங்க. உங்களுக்குத்தான் நாள் இல்லையே.”

வீடு திரும்பும்போது மழை வலுத்தது. குத்துக்கல்வலசையில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டின் பால்கனிக்குக் கீழே ஒதுங்கினேன். என்னோடு இரண்டு பெண்களும் ஒரு பால்காரரும் நின்றார்கள். தலைக்கு மேலே இருந்ததும் ஒரு முனையைச் சுவரில் பதித்ததுதான். மழை விடும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை எழுந்ததும் முதலில் ஆய்வேட்டில் அந்த அத்தியாயத்தைத் திறந்து, பூஜ்யம் காட்டும் வரைபடத்தைச் சேர்த்தேன். அதன் கீழே, பதித்த முனையில் இந்தத் துண்டு தரும் வெட்டுவிசையை நம்பக் கூடாது என்று எழுதினேன்.