ஓய்வெடுக்கச் சொல்கிறவளின் கால்

பிசியோதெரபி அடுத்தவர் காலைப் பிடித்துப் பிழைக்கிற தொழில். அதில் இருப்பவளுக்குச் சொந்தக் கால் வலிக்கக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை, ஆனால் வலித்தால் வெளியே சொல்ல முடியாது.

சிட்னியில் மெரிலேண்ட்ஸ் பக்கம் ஒரு கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். நாற்பது வயதுக்கு மேல் எனக்கும் ஓட்டப் பைத்தியம் பிடித்தது. திங்கட்கிழமை காலை டாய்லெட்டில் உட்கார முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அனுபவம் உங்களில் யாருக்காவது இருந்தால், நாம் சொந்தக்காரர்கள். தூரத்தை மெதுவாக ஏற்றுங்கள், ஓடிய மறுநாள் சும்மா இருங்கள், எலும்பைத் தொட்டதும் சுருக்கென்றால் உடனே நிறுத்துங்கள் என்று நாள் முழுக்க மற்றவர்களுக்குப் பாடம் எடுப்பேன். அதில் ஒன்றைக்கூட நான் கடைப்பிடித்ததில்லை. எப்படியெல்லாம் மானம் போனது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

தைலம்

இடது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்கமாக ஒரு வலி வந்தது. தொட்டால் சுருக்கென்றது. வேறு யாராவது இப்படி வந்து சொல்லியிருந்தால் அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்தியிருப்பேன். எனக்கு வந்ததால், மதுரையிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய தைலத்தைச் சூடு பறக்கத் தேய்த்து, அதன் மேலேயே பேண்ட்டைப் போட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பினேன்.

அன்றைக்கு முதலில் வந்தவர் இராசம்மா அன்ரி. யாழ்ப்பாணத்துக்காரர், முழங்கால் மாற்று ஆபரேஷன் செய்தவர். வீங்கின இடத்தில் தைலத்தைப் போட்டு அழுத்தித் தேய்க்கலாமா என்று போன வாரம்தான் அவரைப் பிடித்து விளாசியிருந்தேன். உள்ளே வந்ததும் மூக்கை உறிஞ்சினார். "என்ன பிள்ளை, தைலம் மணக்குது?" என்றார். "உங்களுக்கு முன்னாடி வந்தவர் போட்டிருந்தார் அன்ரி" என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டு, துண்டை மடிக்கிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். அன்ரி கட்டிலில் ஏறிக் காலை நீட்டிக்கொண்டார். கோபமெல்லாம் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"கதவு திறக்க முன்னமே வந்து நிண்டனான், பிள்ளை. இண்டைக்கு முதல் ஆள் நான்தான்."

படி

ஞாயிற்றுக்கிழமை நீண்ட தூரம் ஓடினால் அன்றைக்குச் சாப்பிட்டுத் தூங்க வேண்டும். நான் ஓடிவிட்டு வந்து வீட்டைக் கூட்டி, ஒரு வாரத் துணியைத் துவைத்து, நண்பர் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போய்ப் பாதி ராத்திரி வரை நின்றபடி பேசிக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமை தொடை இரண்டும் மரக்கட்டை. எங்கள் கிளினிக்கில் சாப்பிடுகிற அறை மாடியில் இருக்கிறது. எப்படியோ ஏறிவிட்டேன். இறங்கத்தான் முடியவில்லை. யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து, கைப்பிடியைக் கட்டிக்கொண்டு பின்பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

கடைசிப் படிக்கு வந்து திரும்பினால், வரவேற்பறையில் அத்தனை பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அதில் பாதிப் பேருக்குப் படி இறங்கக் கற்றுக்கொடுத்தவளே நான்தான். கவுண்டரில் இருக்கிற ரீட்டா மலேசியத் தமிழ்ப் பெண், எதற்கும் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொள்வாள். ஒரு நாற்காலியைக் காட்டினாள்.

"உட்காருங்க லா அக்கா. பிசியோ இன்னும் வரல."

புள்ளி ஒன்று

கிளினிக்குக்கு வருகிற பெண்கள் சிலர் கேட்டார்கள் என்று சனிக்கிழமை ஓட்டக் குழு ஒன்றை ஆரம்பித்தேன். அப்போது சேர்ந்தவர்தான் செல்வி. சேலத்துக்காரர், முதியோர் இல்லத்தில் வேலை. அவருடைய மகள் யாழினி ஒன்பதாம் வகுப்பு. அம்மா தமிழில் பத்து வார்த்தை கேட்டால் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவள் பள்ளியில் எட்டு கிலோமீட்டர் ஓட்டம் வைத்திருந்தார்கள், பெற்றோரும் கூட ஓடலாம். அதற்கு அம்மாவை வரச்சொல்லியிருந்தாள். "அவளா என்னை ஒரு இடத்துக்குக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை மேடம்" என்று சொல்லும்போதே செல்விக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களை ஓட வைப்பது என் பொறுப்பு என்று சொல்லி, வாரத்துக்கு எவ்வளவு கூட்டலாம், எந்தெந்த நாள் வெறுமனே நடக்க வேண்டும் என்று உட்கார்ந்து விளக்கினேன்.

குழுவில் ஒரு பழக்கம் உண்டு. கல்யாண வீட்டில் நூறு வைக்காமல் நூற்றியொன்று வைப்போமே, அதேபோல யாரும் முழு எண்ணில் ஓட்டத்தை முடிக்க மாட்டோம். ஐந்து கிலோமீட்டர் என்றால் ஐந்து புள்ளி ஒன்று. செல்வி விளையாட்டாகச் சொன்னது, எல்லோருக்கும் பிடித்துப்போனது. யார் எவ்வளவு ஓடினாலும் அன்றன்றைக்கு வாட்ஸப்பில் போட்டுவிடுவோம். நானும் போடுவேன், சிரித்த முகத்தோடு ஒரு போட்டோவும் சேர்த்து. கால் வலித்ததை மட்டும் போட்டதில்லை. அப்படி ஒரு சாயங்காலம், அந்தப் புள்ளி ஒன்று சேரவேண்டும் என்பதற்காக, சூப்பர் மார்க்கெட் கார் பார்க்கில் நொண்டி நொண்டிச் சுற்றிக்கொண்டிருந்தேன். டிராலிகளைத் தள்ளிக்கொண்டு வந்த வெள்ளைக்காரப் பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். இங்கே பெரியவர்கள் யாரையும் 'லவ்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"லாஸ்ட் யுவர் கார், லவ்?"

திருப்பி வைத்தது

பள்ளி ஓட்டத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது செல்வி கிளினிக்குக்கு நொண்டிக்கொண்டு வந்தார். கணுக்காலுக்கு மேலே எலும்பில் விரலை வைத்தேன், துள்ளிவிட்டார். ஸ்கேன் எடுக்க அனுப்பினேன். நான் பயந்த மாதிரியே எலும்பில் விரிசல். கால் அசையாமல் இருக்க முழங்கால் வரை வருகிற கெட்டியான பூட் ஒன்றை மாட்டி, வாரக்கணக்கில் ஓடவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே. "நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே செல்வி, வாரத்துக்குக் கொஞ்சம்தான் கூட்டணும்னு. ஏன் இப்படிப் பண்ணீங்க?" என்று அதட்டினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் குழுவில் எவ்வளவு போடுகிறேனோ, மறுநாள் அதற்கு மேலே கொஞ்சம் சேர்த்து ஓடியிருக்கிறார். ஒருத்தர் வைத்த மொய்யைக் கொஞ்சம் கூட்டித்தானே திருப்பி வைக்கணும், அதுதானே மரியாதை என்றார். நான் ரிப்போர்ட்டை மடித்து வைத்தேன். அவர் தயங்கித் தயங்கி மேலே பேசினார்.

"வாயால எங்களுக்கு ஒண்ணு சொல்லுவீங்க, ஆனா நீங்க காலால செய்யறதுதான் சரியா இருக்கும்னு நினைச்சிட்டேன், மேடம்."

எனக்குப் பதிலா

பள்ளி ஓட்டத்துக்கு முந்தின நாள், காலில் மாட்டிய பூட் சரியாக இருக்கிறதா என்று காட்டச் செல்வி வந்தபோது யாழினியும் கூட வந்திருந்தாள். மூலையில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தாள். நான் பட்டையை இறுக்கிக்கொண்டிருக்கும்போது செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குப் பதிலா நாளைக்கு நீங்க இவகூட ஓடுங்க மேடம். தனியா ஓடினா மனசு கஷ்டப்படுவா" என்றார். நான் கெடுத்ததற்கு என்னிடமே உதவி கேட்கிறார். சரி என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் நொண்டிக்கொண்டாவது ஓடியிருப்பேன், சிரித்த போட்டோவும் போட்டிருப்பேன்.

என்னவோ, அன்றைக்கு முடியவில்லை. பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினேன். எனக்கும் அதே எலும்புதான் செல்வி, ரொம்ப நாளா வலிக்குது, மறைச்சுட்டேன் என்றேன். "அப்ப அந்த போட்டோ எல்லாம்?" என்று கேட்டார். வலியோடுதான் எடுத்தேன் என்று சொல்லும்போது எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். என் காலையும் பூட் மாட்டிய தன் காலையும் மாறி மாறிப் பார்த்தார்.

யாழினி போனைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை. அம்மாவுடைய இன்னொரு காலுக்கான செருப்பைக் குனிந்து எடுத்து மாட்டிவிட்டாள். அப்படியே அம்மாவிடம் சொன்னாள்.

"ஐ ஆஸ்க்ட் யூ, மா. நாட் ஹர். நெக்ஸ்ட் இயர் ஓடலாம்."

இப்போது செல்வியும் நானும் ஒரே பிசியோவிடம்தான் போகிறோம், அவர் ரெஸ்ட் எடுங்கள் என்று வாயைத் திறந்ததும் நாங்கள் இரண்டு பேரும் குனிந்து அவர் காலைத்தான் பார்க்கிறோம்.