கை முறிந்த புரதமும் ஒரு தண்ணிப்பானையும்

வியாபாரம் இல்லாத கடையில் ஈ ஓட்டுவார்கள். நாங்கள் ஈ ஓடிவிடாமல் காப்பதற்கென்றே கல்லூரிக்குப் போகிறவர்கள். புதுக்கோட்டையில் நின்று "பழ ஈ ஆராய்ச்சி செய்கிறேன்" என்று சொல்லிப் பார்த்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

பழக்கடை

ஈக்களுக்குத் தீனி காய்ச்சக் கறுத்த வாழைப்பழமாகப் பொறுக்கினேன். கடைக்காரர் பரிதாபப்பட்டு நல்ல சீப்பு ஒன்றை நீட்டினார். எனக்கில்லை, வளர்க்கிற ஈக்களுக்கு என்றேன். என்னையே பார்த்தவர், புகைந்துகொண்டிருந்த ஊதுபத்தியை அணைத்தார்.

"மொதல்லயே சொல்லியிருந்தா வெரட்டாம வச்சிருப்பேன்லங்க."

பெண் பார்க்க வந்தவர்கள்

என்னைப் பார்க்கத் திருமயம் பக்கமிருந்து வந்திருந்தார்கள். என்ன ஆராய்ச்சி என்று மாப்பிள்ளையின் அப்பா கேட்டார். விடுவேனா? பழ ஈக்குக் கண் சிவப்பு. அந்தச் சிவப்பைத் தரும் மரபணுவை ஒரு புரதம் அமுக்கினால் கண்ணில் வெள்ளைத் திட்டு விழும். புரதத்துக்கு இரண்டு கை மாதிரி. ஒன்று மரபணு சுற்றியிருக்கும் உருளையைப் பிடிக்கும். மற்றது பக்கத்துப் புரதத்தோடு கைகோக்கும். அப்படி வரிசையாக நின்றால் மரபணு வாயே திறக்காது. அந்தக் கோக்கும் கை முறிந்த புரதம் உள்ள ஈக்கள் என்னிடம் மட்டும்தான் இருக்கின்றன. அவற்றுக்குக் கண் முழுச் சிவப்பு. என் பட்டமே அவற்றை நம்பித்தான்.

மனிதர் காப்பியைக் கீழே வைத்தார். உள்ளே ஓயாமல் பேசிக்கொண்டிருந்த தன் மனைவியைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வாயடைக்கிற புரதம் மனுசருக்கு மாத்திரையா வருதுங்களா?"

டவுன் பஸ்

சித்திரையில் லேப் ஏசி படுத்துவிட்டது. சூடு ஏறினால் ஈ முட்டை வைக்காது. எதற்கும் இருக்கட்டுமென்று அந்தச் சிவப்புக் கண் கூட்டத்தில் ஒரு குப்பியைப் பிரித்து வல்லத்திராக்கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோனேன். கண்டக்டர் குப்பிக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஆட்டுக்குட்டிக்கு லக்கேஜ் போட்டிருக்கேன், சேவலுக்குப் போட்டிருக்கேன். இது எத்தன உருப்படின்னு எண்ணிச் சொல்லுங்க."

ஆய்வுக்குழு

அடுத்த வாரம் கல்லூரிக்கு ஆய்வுக்குழு வந்தது. வளாகம் பளிச்சென்று இருக்க வேண்டுமென்று உத்தரவு. நான் போய்ச் சேருவதற்குள் பூச்சிமருந்து அடிப்பவர்கள் எங்கள் லேபுக்குள் புகுந்து வேலையை முடித்திருந்தார்கள். ஒவ்வொரு குப்பியிலும் ஈக்கள் செத்து அடியில் கிடந்தன. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் பார்த்துக் குழுத் தலைவி, "இங்கேதானே ஈ வளர்க்கிறீர்கள்?" என்று கேட்டார். அலுவலகக் கண்காணிப்பாளர் முந்திக்கொண்டார்.

"அதெல்லாம் முன்னாடி மேடம். இப்ப ஒரு ஈ இருக்காது, தேடிப் பாருங்க."

வீடு

இந்த வெயிலில் வீட்டுக் குப்பியும் போயிருக்கும் என்று பஸ்ஸில் வழியெல்லாம் அழுதேன். அம்மா அதைத் தண்ணிப்பானைக்கு அடியில், ஈர மணலில் புதைத்து வைத்திருந்தாள். எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். உள்ளே சிவப்புக் கண்களாக மொய்த்தன. முட்டையிலிருந்து புதிதாகப் பொரிந்த புழுக்கள் வேறு. அம்மா ஈக்களைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.

"அதுக நல்லாத்தான் இருக்குதுக. ஒங் கண்ணுதான் அதுகள விடச் செவந்து கெடக்கு."

ஆய்வேட்டில் 'ஈக்கள் வளர்க்கப்பட்ட சூழல்' என்ற இடத்தில் அம்மாவின் தண்ணிப்பானையை எப்படி எழுதுவது என்பதுதான், சக ஈ வளர்ப்பாளர்களே, இப்போது எனக்கு மிச்சமிருக்கும் ஒரே சந்தேகம்.