இளநீருக்குக் கொடுத்த ஞானஸ்நானம்

போர்க்காலத்தில் ஞாயிறு பின்னேரங்களில், வாவிக்கரைக் கத்தோலிக்கக் கோயில் மண்டபத்தில், ஆசிரியர் கலாசாலை மாணவர்களுக்கு மறைக்கல்வி படிப்பித்தேன். இருபது, இருபத்தொரு வயதுப் பிள்ளைகள். சம்பளம் கிடையாது, தேத்தண்ணி உண்டு. என் முன்கோபத்தை அவர்களும் அறிவார்கள், கோயில் சுவாமியாரும் அறிவார். ஆனாலும் அந்தப் பின்னேரங்களை நினைத்தால் இன்றைக்கும் மனம் குளிர்கிறது.

ஆமிக்காரர் அடிக்கடி பாதையைப் பூட்டிவிடுவார்கள். சுவாமியார் போய்ச்சேர முடியாத இடத்தில், சாகக் கிடக்கும் குழந்தைக்கு யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் சட்டம். அதைப் பழக்குவதற்காக ஒருநாள் செவ்விளநீர் ஒன்றைத் துவாயில் சுற்றிக் கொண்டுபோனேன். அதுதான் குழந்தை. தலையில் தண்ணீர் ஓட வேண்டும், ஓடும்போதே "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும்.

வாகரையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒருத்தியை முதலில் கூப்பிட்டேன். வாய் திறக்கவே யோசிக்கிற பிள்ளை. அவள் இளநீரை மடியில் வைத்து, "அழாத மகன்" என்று சொல்லிவிட்டுச் செம்பைச் சரித்தாள். மண்டபமே சிரித்தது. ஞானத்தாய் யார் என்று ஒருவன் கேட்டான். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு சொல்லுக் கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. விளையாட்டா இது?" என்று கத்திவிட்டுப் பாடத்தைப் பாதியில் விட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன். அடுத்த கிழமை வேறு பாடம் தொடங்கினேன்.

லீவுக்கு ஊருக்குப் போன அந்தப் பிள்ளை மூன்று மாதம் திரும்பி வரவில்லை. வந்த ஞாயிறு, வகுப்பு முடிந்தபின் மற்றவர்கள் போகும்வரை நின்றாள்.

"சேர், நான் ஒரு பிழை விட்டுட்டன்."

ஷெல் அடிக்கு ஊரே காட்டுக்குள் ஓடியிருக்கிறது. அங்கே பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பிள்ளை பிறந்தது. அது அழவில்லை. தாய் இவளைப் பார்த்து, "கோயில்ல படிச்சவள்தானே, தண்ணி ஊத்து" என்றாளாம்.

"உயிர் இருக்கோ இல்லையோ எண்டு எனக்கு விளங்கல்ல சேர். 'உனக்கு உயிர் இருந்தா' எண்டு சொல்லிப்போட்டுத்தான் மிச்சத்தச் சொன்னன். நீங்க ஒரு சொல்லும் கூட்டக் கூடாது எண்டீங்க. புள்ள மோட்சத்துக்குப் போயிருக்குமா எண்டு தாய் ஒவ்வொரு நாளும் கேட்டா. நான் ஒண்டும் சொல்லல்ல."

உயிர் இருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் அப்படித்தான் சொல்ல வேண்டும். 'நீ உயிரோடிருந்தால்' என்று தொடங்க வேண்டும். அன்றைக்கு நான் படிப்பித்திருக்க வேண்டிய மிச்சப் பாடம் அதுதான். கோபத்தில் எழும்பிப் போன நான் பிறகு அதைத் தொடவேயில்லை. நான் சொல்லிக்கொடுக்காததைச் செத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு முன்னால் அவள் தானாகவே சொல்லியிருக்கிறாள். அதுக்காக மூன்று மாதம் பாவம் செய்தவள்போல் வெந்திருக்கிறாள்.

"நீ சொன்னதுதான் சரி புள்ள. சட்டமே அதுதான். நான்தான் அண்டைக்குப் படிப்பிக்காமப் போயிட்டன்."

அவள் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து நீட்டினாள்.

"தாய்க்கு எழுதித் தாங்க சேர். நான் சொன்னா தன்னத் தேத்துறதுக்குச் சொல்றன் எண்டு நினைப்பா."

வாங்குப் பலகையில் உட்கார்ந்து எழுதினேன். ஞானஸ்நானம் முறைப்படி கொடுக்கப்பட்டது என்று எழுதி, அடியில் என் பெயரைப் போட்டேன். பேனையை மூடும்வரை அவள் அழவில்லை. தாளைக் கையில் வாங்கிய பிறகுதான் அழுதாள்.