எழுத்து தேய்ந்த தூண்டில்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷமாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். நான் எட்டாவதோடு நின்றவள். அதைவிடப் பெரிய காரணம், இது புரட்டாசி மாசத்தில் எங்கள் வீட்டில் சொல்லப்பட்ட ஒரு பொய்யைப் பற்றியது. பெருமாளுக்கு உகந்த மாசத்துப் பொய்யை வீட்டுப் பெண்ணே ஊரறியச் சொல்வதா என்று கை வரவில்லை. இப்போது பொய் சொன்னவரும் இல்லை, கேட்டுக்கொண்டவரும் இல்லை. விளக்கேற்றிப் பெருமாளிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். பக்கத்து ஸ்ரீபெரும்புதூரின் பெயர் எல்லாப் பேப்பரிலும் வந்ததே, அதே வருஷம். பென்னலூரில் எங்கள் வீடு. நான் நாலாம் வகுப்பு. குன்றத்தூர் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் அப்பா தகடு அடிக்கும் பிரஸ்ஸில் வேலை பார்த்தார். ஆடி மாசம் அந்த பிரஸ் அவருடைய வலது கையில் மூன்று விரல்களை எடுத்துக்கொண்டது. புண் ஆறிவிட்டது. முதலாளியும், மிஷின் வேண்டாம், உட்கார்ந்து பீஸ் செக் பண்ணினால் போதும் என்று ஆள் அனுப்பினார். அப்பா போகவில்லை. வேலைக்கு மட்டுமல்ல, வாசல்படி தாண்டியே போகவில்லை. கையைத் துண்டால் மூடிக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். அவர் பழையபடி தெருவில் இறங்கி வேலைக்குப் போனால் மாவிளக்கு போடுகிறேன் என்று அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் தம்பிதான் என் சித்தப்பா. பழைய சாமான் என்றால் அவருக்கு உயிர். ஒரு வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தையிலிருந்து நீளமாக ஒன்றைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். அந்த வருஷம் நீளமான சாமானைச் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் பக்கம் பஸ்ஸில் வந்தால் போலீஸ்காரர்கள் சும்மா விடுவார்களா? இரண்டு இடத்தில் இறக்கி, பிரித்துக் காட்டச் சொன்னார்களாம். வந்தவர் கிணற்றடியில் வெகுநேரம் அதோடு ஏதோ செய்துவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

கறுப்புக் கோல், இரண்டு துண்டாகக் கழன்று மாட்டுவது. தக்கைக் கைப்பிடி, உடம்பு முழுக்க வளையங்கள். கைப்பிடிக்கு மேலே தங்க நிறத்தில் எழுத்து இருந்த தடம் மட்டும் இருந்தது.

"இன்னாப்பா இது, டிவி ஆன்டெனாவா?" என்றாள் அம்மா.

"தூண்டில்னு சொல்லிக் குடுத்தான் அண்ணி. கடல்ல போடறதா ஏரியில போடறதா, எவ்ளோ கனம் தாங்கும், ஒண்ணியும் தெரில. எழுத்து தேஞ்சிகீது. அவனையே கேட்டா, எனக்கு இன்னா தெரியும், நான் இன்னா மீனான்றான்."

அம்மாவுக்கு வந்ததே கோபம். "புரட்டாசில கவிச்சி சாமானை வூட்டுக்குள்ள எடுத்தாந்துகீறியே, உனக்கு புத்தி கீதா? மாசம் முடியறதுக்குள்ள இது தண்ணில பட்டுச்சோ, நான் எங்கம்மா வூட்டுக்குப் பூடுவேன்."

"போட்டும் பாக்கக் கூடாது, படிச்சும் பாக்க முடியாது. அண்ணா, நீதான் சொல்லேன்."

அப்பா திரும்பவில்லை.

சித்தப்பா கோலைத் தப்பும் தவறுமாக மாட்டினார். "எனக்குத் தெரிஞ்சி இது கப்பல்காரன் சாமான். சுறா புடிக்கிறது."

"சுறாவா?" சுவரைப் பார்த்தபடியே அப்பா கேட்டார். "டேய், நுனியப் பாருடா. உன் மீச கனங்கூட இல்ல."

சமையலறையில் அம்மி அரைக்கும் சத்தம் நின்றுவிட்டது. அப்பா வாய் திறந்து பேசி அத்தனை நாளாகியிருந்தது.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டுவந்த சாக்பீஸைத் தூளாக்கி, அப்பா இடது கையால் அந்தத் தடத்தின்மேல் தேய்த்துத் துடைத்தார். கீறல்களுக்குள் வெள்ளை நின்றது. ஓரிடத்தில் 21, அதற்கப்புறம் ஒன்றுமில்லை. கீழே 30, பக்கத்தில் g மாதிரி ஒரு வால் எழுத்து. தகட்டிலேயே காலம் தள்ளியவர் இல்லையா, தகட்டின் கனத்தைச் சொல்கிற அளவில் "முப்பது கேஜ்" என்று அடித்துச் சொல்லிவிட்டார். சித்தப்பா உடனே, "அப்ப இது தகரமாண்ணா?" என்றார். அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா சிரித்ததும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. எனக்குத் தெரிந்ததையும் சொன்னேன். "ப்பா, சித்தப்பா வந்தன்னிக்கே கெணத்தாண்ட உப்புத்தாள் போட்டு தேச்சிகினு இருந்தாருப்பா. அப்ப எழுத்து நல்லா தெரிஞ்சிது."

சித்தப்பா பின்கழுத்தைச் சொறிந்தார். அம்மா கரண்டியோடு நிலைப்படியில் நின்றாள். அப்பா கோலைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். எனக்கு அடி விழப்போகிறது என்று நினைத்தேன்.

"தேச்சா தேச்சிட்டுப் போறான். நீ டேப்பைப் புடி," என்றார்.

கூடத்தில் கோலை நீட்டினால் சுவர் இடித்தது. அளக்கவும் முடியவில்லை, வளைக்கவும் முடியவில்லை. அப்பா கோலை எடுத்துக்கொண்டு எழுந்து வாசல்படி தாண்டித் தெருவில் இறங்கினார். கையை மூடுகிற துண்டு உள்ளேயே கிடந்தது.

நீளம் இருநூற்றுப் பத்து சென்டிமீட்டர். அந்த 21-க்குப் பின்னால் அழிந்திருந்தது ஒரு பூஜ்யம். கடையிலிருந்து சின்னப் படிக்கற்களை வாங்கிவரச் சொல்லி, பையில் போட்டு நுனியில் தொங்கவிட்டார். முப்பது கிராம் வரைக்கும் கோல் அழகாக வளைந்து நின்றது. அதற்கு மேல் போனதும் முனகியது. "கேஜ் இல்லடா, கிராம். இவ்ளோ கனத்தைத்தான் வீசும். ஏரித் தூண்டில்தான் இது," என்றார். சுற்றி நின்ற தெருக்காரர்கள் தலையாட்டினார்கள். யாரும் கையைப் பற்றிக் கேட்கவில்லை.

ஐப்பசி பிறந்ததும் அப்பா, சித்தப்பா, நான் மூவரும் ஏரிக்குப் போனோம். அப்பா இடது கையாலேயே வீசினார். பொழுது சாயும்வரை உட்கார்ந்து கிடைத்தது ஒரே ஒரு ஜிலேபி மீன், உள்ளங்கை அளவு. அதை அம்மா மஞ்சள் தடவி ஏதோ பிரசாதம் செய்கிற மாதிரி வறுத்தாள். எனக்கு ஒரு விள்ளல் வந்தது, அதிலும் பாதி முள். இந்தப் பொடி மீனுக்காகவா அம்மா முந்தானையால் கண்ணைத் துடைக்கிறாள், சித்தப்பா ஏன் சாப்பிடாமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்கு ஒரே எரிச்சல். அடுத்த வாரம் அப்பா வேலைக்குப் போனார். பெருமாளுக்கு அம்மா மாவிளக்கு போட்டாள்.

அண்ணனைச் சுவரிலிருந்து திருப்பத்தான் சித்தப்பா எழுத்தை அழித்தார் என்பது எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு ஒரு நாள் சட்டென்று விளங்கியது. அப்பாவுக்கு அது என் வாயாலேயே தெரிந்துவிட்டது என்பதும், தெரிந்த பிறகும் தம்பியின் முகம் வாடக் கூடாதென்றுதான் படியிறங்கினார் என்பதும் விளங்க இன்னும் ரொம்ப நாளாயிற்று. இருவரும் கடைசிவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இருந்தது இருந்தபடி சொல்லுங்கள். சித்தப்பா சொன்னது பொய்தான், அதை மறைக்க வேண்டாம். மீன் உள்ளங்கை அளவுதான். தயவுசெய்து யாரும் அதைப் பெரிதாக்கிவிடாதீர்கள்.