வேகம் குறைந்தால் வரும் சத்தம்

பிரசவ வார்டில் முப்பது வருடம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். குழந்தை அழுவதை வைத்தே பசியா வலியா என்று சொல்லிவிடுவார். தன் பழைய கார் போடும் சத்தம் மட்டும் அவருக்குப் பிடிபடவில்லை. வேகத்தைக் குறைத்தால் போதும், பின்னாலிருந்து ஏதோ கடகடவென்று உருண்டு வந்து டக்கென்று நிற்கும்.

மெக்கானிக் பிரேக்கைக் கழற்றிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை.

"நீங்க ஓட்டுங்கம்மா, நான் பின்னாடி உக்காந்து கேக்கறேன்."

இரண்டு தெரு தாண்டுவதற்குள், "சீட்டுக்கு அடியில!" என்று கத்தினார்.

பட்டறைக்குத் திரும்பிப் பின் சீட்டைத் தூக்கினார்கள். மக்கிப்போன பஞ்சிலிருந்து நழுவி, அடித்தகரத்தில் கிடந்தது ஒரு நீலக் கோலிக்குண்டு.

நர்ஸம்மா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மகனும் மகளும் அந்தப் பின் சீட்டில்தான் சண்டை போட்டு வளர்ந்தார்கள். ஒருநாள் மகனின் நீலக் கோலி காணாமல் போயிற்று. அக்காதான் எடுத்தாள் என்று அவன் அழ, இரண்டு ஷிப்ட் பார்த்துக் களைத்திருந்தவர் விசாரிக்காமல் மகளை அறைந்துவிட்டார்.

அங்கேயே நின்று மகளுக்குப் போன் செய்தார். "அந்தக் கோலி கிடைச்சிடுச்சுடி. நீ எடுக்கலை."

"அதைத்தானேம்மா அன்னைக்கே சொன்னேன்," என்று சிரித்தாள் மகள். பிறகு குரல் இறங்கியது. "நீ அதையெல்லாம் மறந்திருப்பேன்னு நெனச்சேன்."

"மறக்கலைடி. மன்னிச்சுக்கோ."

"அட, விடும்மா," என்ற மகள், அந்தக் காரில் மூவரும் போன இடங்களை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். மெக்கானிக் சத்தமில்லாமல் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.